அல்லிராணி கோட்டையும் சிலாபத்துறைச் சுழியோடிகளும்

மன்னாரிலிருந்து வங்காலை ஊடாகத் தெற்கே இறங்கி அருவியாற்றைக் கடந்தால் அரிப்பு வரும். விடுமுறைக்கு மன்னார்த் தீவுக்கு வந்து கடற்கரை விடுதிகளில் தங்குவோர் இப்போது இந்தப் பக்கமும் ஒரு பகற்பொழுதைக் கழிக்க வருகிறார்கள். பெருக்க மரம், மன்னார்க் கோட்டை, தலைமன்னாரின் பழைய இறங்குதுறை என்பவற்றை முதல் நாளே பார்த்து முடித்திருப்பார்கள். இரண்டாம் நாள் வாகனம் அரிப்புக் கடலோரத்து இடிந்த சுவர்களுக்கு முன்னால் வந்து நிற்கும். நான் முசலிப் பிரதேசத்தில் பல ஆண்டுகளாகக் கற்பிப்பவன். வரலாற்றுப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாணவர்களை இதே இடங்களுக்கு நடத்திச் செல்வது என் வழக்கம். வருபவர்கள் என்னிடமும் கேட்பார்கள்: "சேர், இது யார் கட்டின கோட்டை?"

இதற்கு இரண்டு விடைகள் புழக்கத்தில் உள்ளன. ஊரார் இதை அல்லிராணி கோட்டை என்பர். குதிரைமலையில் இருந்து ஆண்டவளாகவும் முத்துக்கு அதிபதியாகவும் கதைகளில் வரும் அல்லி, இங்கே மாளிகை கட்டி வாழ்ந்தாளாம். சுற்றுலா நூல்கள் இதே கட்டடத்தை 'டொரிக்' என்கின்றன. இலங்கையின் முதலாவது பிரித்தானியத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய வரும்போது தங்குவதற்காக 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டுவித்த மாடி வீடு இது. செங்கல்லும் சுண்ணச் சாந்துமே இதன் மூலப்பொருட்கள். கிரேக்கரின் டொரிக் பாணியில் தூண்கள் அமைந்ததால் அந்தப் பெயர். ஆக, இது கோட்டையே அல்ல. கடற்காற்று வாங்கக் கட்டிய வீடு. அக்காலத்தில் கொழும்பில் பாதிரியாராக இருந்த ஜேம்ஸ் கோர்டினர், 1807இல் வெளியான தமது நூலில் இந்த வீட்டை வெகுவாகப் புகழ்கிறார். 1803 ஜூனில் கண்டியில் நோர்த்தின் படை அழிந்துகொண்டிருந்தபோது இங்கே சுண்ணாம்பு பூசிக்கொண்டிருந்தார்கள் என்பதை அந்தப் புகழுரையோடு சேர்த்து வாசிப்பது நல்லது.

உண்மையான கோட்டை அரிப்பிலேயே வேறாக இருக்கிறது. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிய சிறு கோட்டை அது. 1660இல் மூதூர்ப் பக்கம் கொட்டியாரத்தில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடங்கள் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், 1679இல் காடு கடந்து வந்து சேர்ந்தது இங்கேதான். மாணவர்களுக்கு இந்த இடத்தில் நொக்ஸின் கதை மிகவும் பிடிக்கும். ஆனால் என் அக்கறை வேறு.

அல்லிராணியின் கதையிலும் தேசாதிபதியின் கதையிலும் முத்து இருக்கிறது. முத்தை எடுக்க நீரில் இறங்கியவன் இரண்டிலும் இல்லை.

அவனைத் தேடத் தொல்பொருள் திணைக்களத்துக்குப் போகவேண்டியதில்லை. ஊர்ப் பெயரே போதும். சிலாபம் என்ற சொல்லுக்கு முத்துக்குளிப்பு என்று பொருள். சிலாபத்துறை என்றால் முத்துக் குளிக்கும் துறை. அதன் அயலில் கொண்டச்சி. தெற்கே, வில்பத்து வனத்தின் விளிம்பில் மறிச்சுக்கட்டி. இன்று முஸ்லிம்கள் செறிந்து வாழும் இக்கிராமங்களின் பெயர்கள்தாம் ஐரோப்பியரின் முத்துக்குளிப்புக் குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அதற்கும் முன்பு, 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, ஆரியச்சக்கரவர்த்தியின் துறைமுகத்தில் அரசனின் முத்துக்களைப் பார்த்ததாகக் கூறுகிறார். தாம் வந்த நோக்கம் பாவாதமலையைத் தரிசிப்பதே என்று அவர் சொல்ல, அரசன் அதற்கு வழி செய்து கொடுக்கிறான். முத்தும் பாவாதமலையும் சோனகரும் ஒரே பக்கத்தில் சந்திக்கும் அந்தக் குறிப்பை நம் பாடநூல்கள் இன்னும் விரித்துச் சொல்லியிருக்கலாம்.

குளிப்பு நடந்த விதத்தைச் சொன்னால் வகுப்பறை அமைதியாகிவிடும். முத்துச் சிப்பி படியும் கடலடித் திட்டுக்குப் 'பார்' என்று பெயர்; சேவல் பார், பெரிய பார் என ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் உண்டு. நள்ளிரவுக்குப் பின் தரைக்காற்றைப் பிடித்துப் படகுகள் புறப்படும். பிற்பகலில் கடற்காற்றோடு திரும்பும். சுழியோடி கல்லொன்றில் கால் பதித்துக் கயிற்றோடு இறங்குவான். அரேபியச் சுழியோடிகள் கொம்பினால் செய்த கவ்வியால் மூக்கை அடைப்பார்கள். நம்மவர்கள் கையால் பொத்திக்கொள்வார்கள். ஒரு நிமிட அளவில் கைக்கெட்டிய சிப்பிகளைப் பைக்குள் அள்ளவேண்டும். பின்னர் கயிறு அசையும். மேலே நிற்பவன் இழுப்பான். அந்த இழுப்புக்காரன் மீது வைக்கும் நம்பிக்கையே சுழியோடியின் உயிர். சுறாவின் வாயைக் கட்டுவதாக நம்பப்பட்ட 'கடல்கட்டி' இல்லாமல் பலர் இறங்கவே மறுத்தார்கள். அரசாங்கமே அவருக்குக் கூலி கொடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எமர்சன் டெனன்ட் எழுதியபோது அந்தக் கடல்கட்டி ஒரு கத்தோலிக்கர். சோனகரும் பரதவரும் அவருடைய மந்திரத்தை ஒன்றாக நம்பி இறங்கிய கடல் இது.

கரைக்கு வந்த சிப்பி 'கொட்டு' எனப்பட்ட வேலியடைப்புக்குள் போகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை மூன்று குவியலாக்கி இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மீதி ஒன்று குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு அன்றன்றே ஏலத்தில் போகும். வாங்கியவர்கள் சிப்பியை அழுகவிட்டுக் கழுவி முத்தெடுப்பார்கள். அந்த நாற்றத்தையும் ஈக்களையும் பற்றி எழுதாத வெள்ளையர் இல்லை.

1905இல் மறிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. பல்லாயிரம் பேர் கூடிய ஓலைப் பட்டணம் ஒன்று அங்கே எழுந்து சில வாரங்களில் மறைந்தது. கீழக்கரையிலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் முஸ்லிம் சுழியோடிகள் வந்தார்கள். மறு வருடமே பார்கள் ஒரு கம்பனிக்கு இருபது வருடக் குத்தகைக்கு விடப்பட்டன. சிப்பி கைவிட, சில ஆண்டுகளிலேயே கம்பனி கலைந்தது. அந்த 1906இல் இங்கே கொட்டுக் கடமையில் இருந்த இளம் உத்தியோகத்தர்தான் பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட லெனாட் வூல்ஃப். 1921இல் வெளியான அவரது சிறுகதை ஒன்றில் அரேபியச் சுழியோடி ஒருவன் இறக்கிறான். அதே இரவில் குடியால் அழிந்த வெள்ளையன் ஒருவனும் இறக்கிறான். இரண்டு மரணங்களையும் அருகருகே வைத்து எது கண்ணியமானது என்பதை வாசகனே காணும்படி விட்டிருக்கிறார். இக்கரையின் முஸ்லிம் சுழியோடியை இலக்கியத்தில் மனிதனாக நிறுத்தியவர் ஓர் ஆங்கிலேயர் என்பது நம் எழுத்தாளர்கள் யோசிக்கவேண்டிய விடயம்.

1925இன் குளிப்போடு இது முடிந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்தும் சந்தைக்கு வந்துவிட்டது. சுழியோடிகளின் சந்ததியினர் வயலுக்கும் வலைக்கும் போனார்கள். 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது முசலியும் வெறிச்சோடியது. 2009க்குப் பிறகு மீளக் குடியேறியோர் தங்கள் காணிகளில் காடு வளர்ந்திருப்பதைக் கண்டார்கள். 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானி அறிவித்தல்கள் மறிச்சுக்கட்டிப் பக்கத்து நிலங்களை வனமாக்கின. 'வில்பத்துவை அழிப்பவர்கள்' என்று தெற்கில் இவர்களைப் பற்றிப் பேசப்பட்டபோது, எப்போது இங்கே வந்தார்கள் என்ற கேள்வியும் எழுந்தது. என் மாணவர்களிற் பலருடைய பெற்றோர் புத்தளத்து முகாம்களில் வளர்ந்தவர்கள். வாப்பாவின் வாப்பா எந்தக் கடலில் இறங்கினார் என்று சொல்ல வீட்டில் ஆளில்லை. முத்துக்குளிப்பின் வரலாறு இவர்களுக்கு வெறும் பெருமைக் கதை அல்ல என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

டொரிக் வீட்டின் கீழே கரையைக் கடல் அரித்துக்கொண்டே வருகிறது. சுவரின் ஒரு பகுதி ஏற்கெனவே விழுந்துவிட்டது. வருபவர்கள் மிஞ்சியதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அரை மணிநேரம்கூட ஆவதில்லை. சென்ற முறை பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு போனபோது ஒரு மாணவி கேட்டாள்:

"சேர், தேசாதிபதி இங்க இருந்தாரு. குளிச்சவங்க எங்க இருந்தாங்க?"

கடலோரத்து வெறும் மணலைக் காட்டினேன். ஓலைக் குடிசைக்கு அத்திவாரம் இருப்பதில்லை.

அதன்பின் நாங்கள் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறோம். ஊர் முதியவர்களிடம் பிள்ளைகள் போய்ச் சொற்களைக் கேட்டு எழுதுகிறார்கள்: பார், கொட்டு, சம்மாட்டி, தண்டல், குளிகல், கடல்கட்டி. சில சொற்களுக்கு இரண்டு முதியவர்கள் இரண்டு பொருள் சொல்கிறார்கள். இரண்டையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.