சோழவரத்துத் தகரப்பெட்டி

இன்று பந்தயக் கதை. நான் ஓட்டியதல்ல, கடன் கொடுத்தது.

1983. புதுவையில் பட்டறை வைத்திருந்த என் மைத்துனன் வந்து, "மாமா, சோழவரத்துக்கு வர்ற பையன்களுக்கு ஓட்டத் தெரியுது, வண்டியைப் பார்க்க ஆளில்லை. நாம போய் நின்னா பிழைச்சுக்கலாம்" என்றான். சேமநல நிதியில் 3,000 ரூபாய் முன்பணம் எடுத்தேன். தன் தம்பிக்கு என்பதால் வீட்டில் ஆட்சேபணை எழவில்லை.

இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சோழவரம் சென்னைக்கு வடக்கே, கல்கத்தா சாலையில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க்கால விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்தியது. நாங்கள் நின்ற இடத்தில் நிழலும் கிடையாது, மின்சாரமும் கிடையாது. அதனால்தான் அவனுக்கு வேலை இருந்தது.

அவன் தகரப்பெட்டியில் ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் ஜெட், கிளட்ச் கேபிள், செயின் லிங்க், டியூப், காற்றடிக்கும் பம்பு, பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவுக் குவளை எல்லாம் இருக்கும். வண்டி வந்து நின்றதும் சூட்டோடு பிளக்கைக் கழற்றுவான். நுனி காப்பிப்பொடி நிறமென்றால் சரி. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, பிஸ்டன் உருகிவிடும். பெரிய ஜெட் போடுவான். கரி படிந்திருந்தால் சிறியது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, 1922-இல் பிரான்சில் தொடங்கிய 'போல் தோர்' 24 மணி நேரப் பந்தயம் பற்றிப் படித்தது நினைவுக்கு வரும். இந்த வேலைக்கு அங்கே 'ரவித்தாய்மான்' என்று கௌரவமான பெயர். இங்கே "அண்ணே, ஸ்பேனர்!"

வசூல்தான் வரவில்லை. "ஜெயிச்சா தர்றேண்ணே" என்பார்கள். ஜெயிப்பவர் ஒருவர்தானே! குமாஸ்தா புத்தியில் நோட்டுப் போட்டு, பணத்தை முதலில் வாங்கு என்றேன். "ஓட்டப் போற பையன்கிட்ட எப்படி மாமா கேட்கிறது?" என்பான். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தர டிராக் வந்தது. பெரிய அணிகள் சொந்த மெக்கானிக்கோடு வந்தன. பெட்டியை மூடிவிட்டான். என் முன்பணம் சம்பளத்தில் பிடித்துத் தீர்ந்தது.

இப்போது அவன் பேரன் அதே இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறான். பந்தயத்துக்கல்ல, 'டிராக் டே'க்கு. வேலைக்குப் போகிறவர்கள் கட்டணம் கட்டிச் சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாள். பையன் கண்ணாடியைக் கழற்றுகிறான், விளக்குக்கு டேப் ஒட்டுகிறான், டயர் காற்றைக் குறைத்து, சூடாகித் திரும்பியதும் மறுபடி அளக்கிறான். பணம் முந்தின நாளே கைப்பேசியில் வந்துவிடுகிறதாம்.

போன வாரம் அந்தப் பழைய நோட்டைக் கேட்டு வாங்கிப் போனான். கடைசிப் பக்கத்தில் வரவேண்டிய பாக்கி 640 ரூபாய், என் கையெழுத்தில்.