ஒரே ரேகை, இரண்டு விரல்

பலர் கூடி ஒரே நூலை எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்துவார். திடீரென்று போன மாதத்துப் பிரதி வேண்டுமென்பார் மூன்றாமவர். கம்ப்யூட்டருக்கு நிரல் எழுதுகிறவர்களுக்கு இது அன்றாடத் தொல்லை. அவர்களுடைய திருத்தங்களையெல்லாம் வரிசைப்படுத்திக் காத்துவைக்கும் கணக்குப்பிள்ளைதான் சப்வெர்ஷன் என்னும் மென்பொருள். அதன் முதல் முழுப் பதிப்பு 2004-ல் வெளிவந்தது.

கணக்குப்பிள்ளை சிக்கனக்காரர். 2009 முதல், ஒரே கோப்பு இரண்டு தடவை வந்தால் ஒரு பிரதியை மட்டும் வைத்துக்கொண்டார். ஒன்றுதானா என்று எப்படி அறிவது? பதிவு ஆபீசில் விரல்ரேகை வாங்குவதுபோல், அமெரிக்க அரசு 1995-ல் வெளியிட்ட ஷா-1 என்ற கணித முறைப்படி கோப்புக்கும் ஒரு ரேகை எடுத்தார். ரேகை ஒன்றானால் கோப்பும் ஒன்று!

2005-லேயே சீனத்துக் கணித மேதை வாங் ஷியாவ்யுன் அம்மையாரும் சகாக்களும் அந்த முறையின் பலவீனத்தை எடுத்துக் காட்டிவிட்டார்கள். 2017 பிப்ரவரி 23-ல் ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் கூகுளும் சேர்ந்து, ரேகை ஒன்றாகவும் உள்ளடக்கம் வேறாகவும் உள்ள இரு கோப்புகளை உலகின்முன் வைத்தன. அவற்றைப் படைக்க 92,000 கோடி கோடி தடவைக்குமேல் கணக்கிட வேண்டியிருந்தது. படைத்தபின், எடுத்துப் பயன்படுத்த யாருக்கும் காலணாச் செலவில்லை.

சஃபாரி உலாவியின் உள்ளே ஓடும் இயந்திரத்துக்கு வெப்கிட் என்று பெயர். அதை உருவாக்குகிறவர்கள் ஜாக்கிரதையானவர்கள். இந்த இரட்டையரிடம் தங்கள் இயந்திரம் ஏமாறுமா என்று சோதிக்க, இரு கோப்புகளையும் தங்கள் சப்வெர்ஷன் களஞ்சியத்தில் சேர்த்தார்கள். அவ்வளவுதான், களஞ்சியமே குலைந்தது! இரண்டாவதைக் கேட்டால் முதலாவது வந்தது. எம்டி5 என்னும் மற்றொரு ரேகை அதை ஒப்பவில்லை. புதிய வேலையைச் சேர்க்கவும் வழியில்லாமல் போயிற்று.

எனக்கு இந்தச் சரித்திரத்தில் சுவையாகப் படுவது இதுதான்: பகைவன் எவனும் வரவில்லை. பூட்டு உறுதியா என்று இழுத்துப் பார்த்த வீட்டுக்காரரின் கையோடு கதவு வந்துவிட்டது. சோதிக்க நினைத்தது ஒன்றை. எல்லை தெரிந்தது வேறொன்றில்.

களஞ்சியத்தின் நேர்மை அந்த ரேகையை மட்டும் நம்பி நிற்காதபடி, அதே ஆண்டில் சப்வெர்ஷனைத் திருத்தினார்கள். அந்த எல்லையை யாரும் ஒளித்துவைக்கவில்லை என்பதையும் நாம் நினைக்க வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளாக அறிஞர்கள் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். 'அது எங்கே நடக்கப்போகிறது!' என்ற எண்ணம்தான் அதை மறைத்திருந்தது.