மனிதன் யார்? – தரங்கம்பாடியில் எழுந்த வினா



"மனிதன் யார்?" என்பது படித்தவர்களுக்கு மட்டும் உரிய வினா அன்று. பிரட்டுக்களத்தில் ஆட்களைத் தலை எண்ணிக் கணக்கெடுத்த காலத்தை நம் பாட்டன் பாட்டிமார் அறிவர். தலையை எண்ணியவர்கள் அத்தலைக்குள் இருந்த அறிவையும் எண்ணினார்களா? இந்த வினாவுக்கு முந்நூறு ஆண்டு வரலாறு உண்டு.

1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், டென்மார்க் அரசர் அனுப்பிய ஜெர்மானியப் பாதிரிமார் இருவர் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்களுள் ஒருவர் சீகன்பால்கு. தமிழர் நாகரிகம் அறியாதவர் என்பதே அன்று ஐரோப்பியர் பலரின் எண்ணம். சீகன்பால்கோ பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்றார். 1708-இல் உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். இத்தகைய அறநூல்களை உடைய மக்களை அறிவற்றவர் என்பது தவறு என்று தம் நாட்டாருக்கு எழுதினார்.

ஆயினும் அவர் சமயம் பரப்ப வந்தவர். மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன். ஆனால் பாவத்தில் வீழ்ந்தவன். தன் முயற்சியால் மட்டும் மீள இயலாதவன் என்று அவர் வாதிட்டார். சைவ சித்தாந்தமோ வேறு விடை கூறும். உயிர் படைக்கப்பட்டதன்று, அநாதியானது. ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களால் கட்டுண்டது. இறைவன் அருளால் விடுபடுவது என்பது அதன் கொள்கை. மனிதனிடம் குறை உண்டு, அருள் தேவை என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. அக்குறை எங்கிருந்து வந்தது என்பதில்தான் வேறுபடுகின்றன.

1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவர் துணைவர் குருண்ட்லரும் தமிழறிஞர்களிடம் வினாக்கள் அனுப்பி விடை பெற்றனர். அக்கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. எழுதியவர்கள் பணிந்துபோய்விடவில்லை. நல்லொழுக்கம் உடையவர் எச்சமயத்தாராயினும் உய்வர் என்றனர். கிறிஸ்தவர் எனப்பட்ட ஐரோப்பியரின் நடத்தையையும் கண்டித்தனர்.

இனி, கொள்கைக்கு வந்த சோதனையைப் பாருங்கள். எல்லாரும் ஒரே கடவுளின் சாயல் என்று போதித்த சபைகளிலேயே சாதிவாரியாகத் தனித்தனி இடங்களில் உட்காரும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி கூடாது என்று ஆணையிட்டார். சாதி சமயக் கொள்கையன்று, உலக வழக்கமே என்று சொல்லித் தஞ்சைச் சபையினர் பலர் எதிர்த்தனர். புகழ்பெற்ற கவிராயர் வேதநாயக சாஸ்திரியாரும் அவர்களுள் ஒருவர். வாதத்தில் வென்ற கொள்கை, உட்காரும் பாயில் தடுமாறியது! இத்தடுமாற்றம் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதன்று. கோயில் வாசலிலும் லயத்துத் தண்ணீர்க் குழாயடியிலும் நம்மவர் கண்டதே அது.

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். முருகன் கோயிலுக்குப் போகிறவரும் மாதா கோயிலுக்குப் போகிறவரும் ஒரே மின்தூக்கியில் இறங்குகின்றனர். அவர்கள் விடைகள் வேறாக இருக்கலாம். ஆயினும் மனிதனைப் பற்றி ஒருவர் எதை நம்புகிறார் என்பதை, பக்கத்தில் நிற்பவருக்கு அவர் தரும் இடமே காட்டிவிடும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு இவ்வரலாற்றைச் சொல்லுங்கள். யார் முன்னும் தலை குனியாமலும், யாரையும் தலை குனியச் செய்யாமலும் வாழ அவர்கள் கற்கட்டும்.