வாடையில்லாத கசிவு

“கேஸ் முடிஞ்சிருச்சு அங்கிள். டாப் அப் பண்ணிட்டா ஓகே.”

ஒன்றரை ஆண்டுகளில் எங்கள் வீட்டில் இதைக் கேட்பது மூன்றாவது முறை. சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலத்தில் எழுந்த தாமான் வீடு அது. அப்பாவும் அம்மாவும் படுக்கும் அறையில் ஒரு குதிரைத்திறன் கொண்ட பழைய ஏர்கோன் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் 120 வெள்ளி. கேஸ் ஏற்றியதும் அறை குளிரும். ஐந்தாறு மாதத்தில் மறுபடியும் வெறும் காற்றுதான் வரும்.

அந்தத் தம்பி போன பிறகு அம்மா கேட்டார்: “அடுப்பு கேஸ் மாதிரி இதுவும் தீர்ந்து போகுமாப்பா?”

தீராது, எங்கோ ஒழுகுகிறது என்றேன். இருபது ஆண்டுகள் பால் வெட்டிய அப்பா உடனே மடக்கினார்: “ஒழுகினா வாடை அடிக்கணுமே?”

பொறியியல் படித்த எனக்கு அம்மாவின் கேள்விக்குப் பதில் கைவசம் இருந்தது. அப்பாவின் கேள்விக்குத்தான் பழைய கதைகளைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது. அந்தப் பதில் நூறு ஆண்டு வரலாறாக இருந்தது.

முதலில் அம்மாவின் கேள்வி. அடுப்பில் கேஸ் எரிகிறது, அதனால் தீர்கிறது. ஏர்கோனில் எதுவும் எரிவதில்லை. செப்புக் குழாய்க்குள் அடைக்கப்பட்ட ஒரு பொருள், அறைக்குள் இருக்கும் சுருளில் கொதித்து ஆவியாகி வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளியே இருக்கும் கம்ப்ரசர் அதை அழுத்துகிறது. அங்கே அது வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகி மறுபடியும் உள்ளே வருகிறது. தொழிற்சாலையில் 700 கிராம் ஏற்றினார்கள் என்றால் பதினைந்து ஆண்டு கழித்தும் அதே 700 கிராம் இருக்க வேண்டும். குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று பொருள். ‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது.

கேஸ் குறைந்தால் குளிர் குறைவதோடு வேறொரு வேடிக்கையும் நடக்கும்: குழாயில் ஐஸ் பிடிக்கும். பழைய ஏர்கோன்களில் இருக்கும் ஆர்-22 வாயு, உள்சுருளில் ஏறத்தாழ 68 பிஎஸ்ஐ அழுத்தத்தில் இருந்தால் 4 டிகிரியில் கொதிக்கும். கேஸ் குறைந்து அழுத்தம் 58-க்குக் கீழே இறங்கினால் கொதிநிலை 0 டிகிரிக்கும் கீழே போய்விடும். அறைக் காற்றிலுள்ள ஈரம் சுருளிலேயே உறைந்து காற்று போகும் வழியை அடைத்துவிடும். திரும்பி வரும் குளிர்ந்த வாயுதான் கம்ப்ரசரின் சூட்டையும் தணிக்கிறது. அது குறைந்தால் கம்ப்ரசர் கொதித்துப்போய் ஒருநாள் நின்றுவிடும்.

இனி அப்பாவின் வாடைக்கு வருகிறேன். அவருக்கு ஒழுகும் வாயு என்றால் அமோனியாதான். பால் மங்கிலேயே கட்டிவிடாமல் இருக்க அமோனியாக் கரைசல் சில சொட்டுகள் விடுவார்கள். ஸ்டோரில் மூடியைத் திறந்தால் கண் எரியும், மூக்கு அடைக்கும். “அம்பது அடி தள்ளி நின்னாலும் தெரியும்” என்பார்.

குளிரூட்டலின் வரலாறும் அதே அமோனியாவில்தான் ஒரு முக்கியத் திருப்பத்தைக் கண்டது. ஜெர்மனியின் கார்ல் வொன் லிண்டே 1870களில் அமோனியாவை அழுத்திக் குளிரூட்டும் இயந்திரங்களைச் செய்தார். பீர் ஆலைகளும் ஐஸ் ஆலைகளும் அவற்றை வாங்கின. பெரிய ஐஸ் ஆலைகளில் இன்றும் அமோனியாதான் ஓடுகிறது. ஒழுகினால் தொழிலாளி ஓட வேண்டும், ஆனால் ஒழுகுவது அவனுக்கு உடனே தெரிந்துவிடும். வாடையே எச்சரிக்கை மணி.

வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டி வந்தபோது இது சிக்கலானது. 1920களில் அமெரிக்க வீடுகளில் சல்பர் டை ஆக்சைடும் மெத்தில் குளோரைடும் நிரப்பிய பெட்டிகள் இருந்தன. இரவில் கசிந்த மெத்தில் குளோரைடால் மக்கள் செத்தார்கள். விஷமில்லாத, தீப்பிடிக்காத ஒரு வாயுவைத் தேடும் வேலை தாமஸ் மிட்ஜ்லி என்ற பொறியாளரிடம் வந்தது. பெட்ரோலில் ஈயம் கலக்கும் வழியைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். 1928-இல் அவரது குழு குளோரோஃபுளோரோகார்பன் வகை வாயுவைத் தேர்ந்தெடுத்தது. 1930-இல் வேதியியலாளர்கள் கூடிய அவையில் மிட்ஜ்லி அந்த வாயுவை மூச்சில் இழுத்து, ஒரு மெழுகுவர்த்தியின் மேல் ஊதி அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, நெருப்பும் இல்லை. ஃபிரியான் என்ற பெயரில் அது உலகெங்கும் போனது. ஆர்-22-உம் அதே குடும்பத்துப் பிள்ளைதான்.

வாடையும் இல்லை என்பதை அன்று யாரும் குறையாக நினைக்கவில்லை. எனக்கு அதுதான் இந்தக் கதையின் முடிச்சாகத் தெரிகிறது. கசிந்தாலும் யாரும் இருமவில்லை, யாரும் ஓடவில்லை. கேஸ் மலிவு, ஓட்டையைத் தேடும் கூலி அதிகம். அதனால் ஓட்டையை விட்டுவிட்டு மேலே ஊற்றும் பழக்கம் ஒரு தொழிலாகவே வளர்ந்தது.

கசிந்தது எங்கே போனது? 1974-இல் மோலினா, ரோலண்ட் என்ற இரு விஞ்ஞானிகள், இந்த வாயுக்கள் அழியாமல் மேலே போய், அங்கே உடைந்து, குளோரினை விடுவித்து ஓசோனைத் தின்னும் என்று எழுதினார்கள். 1985-இல் அண்டார்க்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்து போனதைப் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 1987 செப்டம்பர் 16-இல் மான்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மலேசியா 1989-இல் அதில் சேர்ந்தது. குளிர்ப்பொருள் மேலாண்மைக்கென்றே சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழ் 1999-இல் விதிகள் வந்தன. வளரும் நாடுகளில் பழைய ஃபிரியான் வகைகள் 2010-இல் முடிவுக்கு வந்தன. ஆர்-22 வகைக்கு 2013-இல் உச்சவரம்பு வைத்தார்கள். 2030-க்குள் ஏறக்குறைய முழுவதும் நிறுத்தப்பட வேண்டும்.

சுற்றுச்சூழல் துறை, மெக்கானிக்குகளுக்குச் சான்றிதழ்ப் பயிற்சியும் வைத்திருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. எங்கள் தாமானில் மட்டும் இன்னும் மிட்ஜ்லியின் காலம்தான் நடக்கிறது.

அதற்கும் ஒரு வரலாறு உண்டு. பேராக்கில் ரப்பரின் கதை 1877-இல் கோலகங்சாரில் நட்ட 9 கன்றுகளோடு தொடங்குகிறது. அந்தக் காலத்து மரம் ஒன்று இன்னும் அங்கே நிற்கிறது. அந்த மரத்தைச் சுற்றி வளர்ந்த தொழிலில் குளிர்ச்சி என்பது உற்பத்திக் கணக்கு. விடியலில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், பால் நன்றாக வடியும். வெயில் ஏறினால் இலை வழியே நீர் போய் அழுத்தம் குறையும், பால் நின்றுவிடும். அதனால்தான் அப்பா தலைமுறை இருட்டில் எழுந்து பெரட்டுக்குப் போனது. குளிர்ந்த நேரம் மரத்துக்கு, சுடும் நேரம் தகரக் கூரை லயத்தில் ஆளுக்கு. மேட்டில் மரநிழலில், காற்று வாகாக தொரை பங்களா.

1930-இல் பேராக் ஆற்றில் சென்டரோ அணை மின்சாரம் எடுக்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் முதலில் போனது கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு. அப்பா சிறுவயதில் இருந்த லயத்தில், தோட்டத்து இஞ்சின் ஓடும் சில மணி நேரம்தான் விளக்கு. காத்தாடி பிறகு வந்தது. தோட்டம் கைமாறி வீடுகளானபோது நிழல் தந்த மரங்கள் போயின, சிமெண்டும் வெயிலும் வந்தன. முதல் சம்பளத்தில் நான் அந்த ஏர்கோனை ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதாக வாங்கி மாட்டியபோது, அம்மா முதல் இரவு போர்வை போர்த்திப் படுத்தார். அந்தக் குளிருக்கு அப்படி ஒரு மதிப்பு. அது நின்றுவிடக் கூடாது என்றுதான் 120 வெள்ளியை மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முறைக்கு 300 கிராம் என்று வைத்தால் மூன்று முறையில் 900 கிராம் ஆர்-22 காற்றில் போயிருக்கிறது. 1 கிலோ ஆர்-22, 1,810 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஆக, 1.6 டன்னுக்கு மேல். கிலோமீட்டருக்கு 150 கிராம் வெளிவிடும் காரில் 10,000 கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓட்டிய கணக்கு. ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்கு இருபத்தைந்து முறைக்கு மேல் போய் வரலாம். அறையைக் குளிர்விக்க வெளியைச் சுட வைத்திருக்கிறோம், 360 வெள்ளியும் கொடுத்து.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் தோட்டத்துப் பிள்ளை. படிப்பை விட்டுவிட்டு, ஒருவர் பின்னால் ஏணி தூக்கிப்போய்க் கற்றுக்கொண்ட தொழில். ஒரு நாளைக்கு ஆறேழு வீடு போனால்தான் கட்டும். ஓட்டையைத் தேட அரை நாள் ஆகும் என்றால், “பக்கத்து வீட்டுக்கு 120தானே வாங்குனீங்க?” என்று கேட்பது நாம்தான்.

நான்காவது முறை, பயிற்சி நிலையத்தில் படித்து வந்த வேறொருவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார். அதில் தூசி அடைத்திருந்தாலும் ஐஸ் பிடிக்குமாம். அது சுத்தமாகத்தான் இருந்தது. மீதமிருந்த கேஸைக் காற்றில் விடாமல் ஒரு சிலிண்டருக்குள் இழுத்துச் சேர்த்தார். பிறகு குழாயில் நைட்ரஜனை ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். வெளிப்பெட்டி அருகே இருந்த நட்டில் குமிழி ஒன்று மெதுவாக ஊதி உடைந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று.

அப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். “வாடை இல்லாட்டியும் நுரை காட்டிக் குடுத்துருச்சே,” என்றார்.

குழாயின் வாயை வெட்டி, புதிதாக விரித்து, அளவாக முறுக்கினார். மீண்டும் நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் இறங்கவில்லை என்று உறுதிசெய்தார். அரை மணி நேரம் வேக்கம் பம்ப் ஓடியது. உள்ளே காற்றும் ஈரமும் இருந்தால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிக் கம்ப்ரசரைத் தின்றுவிடும். கடைசியில் தராசில் சிலிண்டரை வைத்து, பெட்டியின் மேல் எழுதியிருந்த எடைக்கே கேஸை ஏற்றினார். கூலி 280 வெள்ளி.

இப்போது கடைக்கு வரும் புதிய ஏர்கோன்களில் பெரும்பாலும் ஆர்-32. அது ஓசோனைத் தொடாது. சூடாக்கும் திறனும் ஆர்-22-இல் பாதிக்குக் கீழே. ஆனால் லேசாகத் தீப்பிடிக்கும். பழைய ஆர்-22 பெட்டியில் அதை ஏற்றக் கூடாது. வேலை நடக்கும்போது பக்கத்தில் சிகரெட்டும் கூடாது. வாயு மாறிவிட்டது. ஓட்டையை அடைக்காமல் ஊற்றும் பழக்கம் மாறாவிட்டால் அதுவும் காற்றுக்குத்தான் போகும்.

பதினான்கு மாதமாக எங்கள் அறை குளிர்கிறது. போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஏர்கோனில் கேஸ் முடிந்துவிட்டதாம் என்றார். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா திரும்பாமலே சொன்னார்:

“அது முடியாதும்மா. எங்க ஒழுகுதுன்னு மொதல்ல பாக்கச் சொல்லு.”