கடைசலும் வண்ணமும்

மனிதன் கைக்கொண்ட கருவிகளுள் கடைசற்பொறி தனித்ததோர் இயல்பினை உடையது. வாள், உளி, வாய்ச்சி, இழைப்புளி என்பவற்றைக் கையாளுங்கால் மரம் அசையாதிருக்கக் கருவி அசைகின்றது. கடைசலிலோ மரம் சுழலக் கருவி நிலைத்து நிற்கின்றது. இவ்வொரு மாற்றத்தினால் கைக்கு எளிதில் வாராத வட்ட வடிவம் எளிதாயிற்று. கட்டிற்கால், தேரின் உருள்தூண், தொட்டிற்குமிழ், பம்பரம், பூச்சாடி முதலிய பொருள்கள் யாவும் இப்பொறியின் பேறுகளே. அவ்வாறு கடைந்தெடுத்த மரத்துக்கு வண்ணமூட்டும் வழக்கமும் தொன்மையானது. ஆயினும், வண்ணம் எதற்காக ஊட்டப்பட்டது என்னும் வினாவுக்குக் காலமும் நாடும் வெவ்வேறு விடைகளை அளித்துள்ளன. அவ்விடைகளை ஒப்பிட்டு நோக்குமிடத்து ஒரு கைத்தொழிலின் வரலாறு மட்டுமன்றி, காட்டு மரங்களின் வரலாறும் கைவினைஞர் வாழ்வின் வரலாறும் உடன் புலனாகும்.

கடைசற்பொறியின் மிகப் பழைய உருவம் எகிப்து நாட்டிலே காணப்படுகின்றது. கி. மு. 300 அளவில் அமைந்த பெற்றோசிரிசு என்னும் குருவின் சமாதிச் சுவரிலே, ஒருவன் கயிற்றை மாறிமாறி இழுத்து மரத்தைச் சுழற்ற, மற்றொருவன் உளியைப் பிடித்துக் கடையும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. இக்காட்சியைத் தமிழர் புரிந்துகொள்ளுதற்கு நெடிய விளக்கம் வேண்டியதில்லை. தயிர் கடைதலையும் மரம் கடைதலையும் தமிழ்மொழி ஒரே சொல்லாற் குறிக்கின்றது. மத்திலே சுற்றிய கயிறு முன்னும் பின்னும் இழுபடுவது போலவே பழைய பொறியிலும் கயிறு இழுபட்டது. மரமும் ஒருகால் வலமாகவும் ஒருகால் இடமாகவும் சுழன்றது. மரம் உளியை நோக்கிச் சுழலும்போது மாத்திரமே உளி வெட்டும். எதிர்ப்புறம் சுழலும்போது கடைவோன் உளியைச் சற்றே பின்வாங்கிக்கொள்ளல் வேண்டும். ஆகவே உழைப்பில் ஒரு பாதி வீணாயிற்று.

ஐரோப்பாவில் இடைக்காலத்துக் கடைசற்காரர், மேலே வளையத்தக்க நீண்ட கழியொன்றைக் கட்டி, அதினின்றும் தொங்கும் கயிற்றைக் காலால் மிதித்து மரத்தைச் சுழற்றினர். மிதிக்கும்போது மரம் ஒருபுறம் சுழலும். காலை எடுத்ததும் கழி நிமிர்ந்து மறுபுறம் சுழற்றும். ஒரே திசையில் இடையறாது சுழலச் செய்தற்கு வேண்டிய மிதிபலகையும் சுழற்சில்லும் அமைந்த பொறியொன்றை லியொனார்டோ டா வின்சி பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியளவில் வரைந்து வைத்துள்ளார். கடைசற்கலையைப் பற்றிய விரிவான முதல் நூல் 1701 ஆம் ஆண்டிலே பிரான்சின் லியோன் நகரில் வெளிவந்தது. அதனை இயற்றியவர் சாள்சு புளூமியர் என்னும் துறவி. இவர் தாவரநூல் வல்லுநருமாவர். ஆலய முன்றில்களில் மலர் சொரிந்து நிற்கும் ஈழத்தலரி மரத்தின் இலத்தீன் பெயராகிய 'புளுமேரியா' இவரின் பெயராலேயே அமைந்தது. அக்காலத்தில் கடைசல் அரசரும் பயின்ற கலையாயிற்று. உருசியப் பேரரசராகிய மகா பீற்றர் அரண்மனையிலே கடைசற்கூடம் அமைத்துத் தாமே கடைந்தவர். 1800 அளவில் என்றி மோட்சிலி என்னும் ஆங்கிலேயர் உளியைக் கையிலிருந்து எடுத்து இரும்புத் தாங்கியிற் பொருத்தி, இரும்பைத் திருத்தமாகக் கடையும் பொறியை உருவாக்கினார். இயந்திரங்களை ஆக்கும் இயந்திரம் எனக் கடைசற்பொறி போற்றப்படுதற்கு இதுவே காரணம்.

பொறி மாறியபோதும் மரத்தின் இயல்பு மாறவில்லை. பச்சை மரம் கடைதற்கு மென்மையானது. ஆனால் உலரும்போது சுருங்கிக் கோணும். ஆகவே பூச்சாடி கடைவோர் முதலில் அதனைத் தடிப்பாகக் கடைந்து, பல மாதங்கள் நிழலில் உலரவிட்டு, கோணியபின் மீண்டும் பொறியிலேற்றி இறுதி வடிவம் கொடுப்பர். வாய் குறுகிய சாடியாயின் உட்குடைதல் அரிய வேலை. உளியின் நுனி கண்ணுக்குத் தெரியாது. சுவரின் தடிப்பை விரலாலும் ஓசையாலுமே அறிதல் வேண்டும். சுவர் எங்கும் ஒத்த தடிப்பினதாக இல்லாவிடின் ஒருபுறம் விரைந்து உலர, மறுபுறம் பிந்தி உலர்ந்து வெடிப்பு உண்டாகும். பொறுமையில்லாதவன் செய்த சாடியின் குற்றத்தைக் காலமே காட்டிவிடும்.

இனி மரத்தின் கோலத்தைப் பார்ப்போர் ஒன்றை உணர்வர். நேராக வளர்ந்த மரத்தின் நார் நேர்கோடாய் இருக்கும். வளைந்தும் நெளிந்தும் வளர்ந்த மரத்திலும், கணுக்கள் திரண்ட கழலையிலும், வேரடியிலும் அலையும் சுடரும் புள்ளியும் போன்ற கோலங்கள் தோன்றும். மரம் பட்ட இடரே அதன் அழகாகின்றது எனலாம். இத்தகைய கோலமுடைய மரங்களுள் இலங்கைக்கே உரிய களுமெதிரிய உலகப் புகழ் பெற்றது. கருங்காலிக்கு உறவான இம்மரத்தின் வைரம், கபில நிறத்தில் கருங்கோடுகள் ஓடப்பெற்றது. அதனைக் கடைந்து மெருகிட்டால் வேறு வண்ணம் யாதும் வேண்டியதில்லை. அவ்வழகே அதற்குக் கேடாகவும் முடிந்தது. 1845 முதல் 1850 வரை இலங்கையிற் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமேர்சன் தெனன்று, 1859 இல் வெளியிட்ட தமது நூலிலே, முதலில் ஒல்லாந்தரும் பின்னர் ஆங்கிலேயரும் மீள்நடுகை பற்றிய எண்ணமேயின்றி வெட்டித் தள்ளியமையால் இம்மரம் மிக அரிதாகிவிட்டது என எழுதினார். நூற்றாண்டு கணக்கில் வளரும் மரம் சில தலைமுறைகளின் ஆசைக்கு இரையாயிற்று. சிவனொளிபாத மலையடிவாரக் காடுகளில் நின்ற மரங்கள் அந்நிய நாட்டு மாளிகைகளின் மேசைகளாகவும் பேழைகளாகவும் மாறின.

அரிய மரம் கிடையாதபோது எளிய மரத்துக்கு அதன் நிறத்தை ஊட்டும் முயற்சி ஐரோப்பாவிலே முன்னரே தோன்றியிருந்தது. பேரி மரத்தைக் கரிய சாயத்திலிட்டுக் கருங்காலி போலாக்கினர். வெண்ணிறமான சிக்கமோர் மரத்தை அன்னபேதிக் கரைசலில் ஊறவைத்துச் சாம்பனிறமாக்கினர். துவர்ப்புப் பொருளுடன் இரும்பின் உப்புச் சேர்ந்தால் கருமை பிறக்கும் என்பதே இதன் தத்துவம். கடுக்காயும் அன்னபேதியும் கொண்டு மை காய்ச்சிய நம் முன்னோர்க்கும் இது புதிதன்று. பிரான்சு நாட்டுத் தச்சராகிய அந்திரே உரூபோ 1769 முதல் 1774 வரை வெளியிட்ட தச்சுநூலிலே மரத்துக்குச் சாயமிடும் முறைகளும் இடம்பெற்றன. இக்காலத்திற் சாயத்தின் நோக்கம் போலச் செய்தலே. ஒரு மரத்தை வேறொரு மரமாகக் காட்டுதலே.

1856 ஆம் ஆண்டில் இந்நிலை மாறுதற்கு வழி பிறந்தது. மலேரியாவுக்கு மருந்தாகும் குயினைனைச் செயற்கையாக ஆக்க முயன்ற வில்லியம் என்றி பேர்க்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர், அது கைகூடாது, கரித்தாரிலிருந்து ஊதாச் சாயமொன்றைப் பெற்றார். அதனைத் தொடர்ந்து நூற்றுக்கணக்கான செயற்கைச் சாயங்கள் பிறந்தன. நீரிலும் மதுசாரத்திலும் கரையும் இச்சாயங்கள் மைப்பூச்சுப் போல மேலே படியாது நாருக்குள் ஊறுவன. நெளிந்த நாருள்ள மரத்தில் நாரின் முனை மேற்பரப்பை நோக்கி எழும் இடம் சாயத்தை மிகுதியாகக் குடிக்கும். நார் படுத்திருக்கும் இடம் சிறிதே குடிக்கும். எனவே கடைவோர் சாடியை நீரால் நனைத்து எழும் நார்களைத் தேய்த்தகற்றியபின் கரிய சாயத்தை முதலில் ஊட்டுவர். உலர்ந்தபின் மீண்டும் தேய்ப்பர். மேலோட்டமான கருமை நீங்க, ஆழ ஊறிய கருமை மட்டும் வரிவரியாய் நிலைக்கும். அதன்மேல் செம்மையோ நீலமோ ஊட்டி மெருகிட்டால், மங்கலாய்க் கிடந்த கோலம் நீர்மேல் ஒளிபோல அசைந்து தோன்றும். இங்கே சாயம் மரத்தை மறைக்கவில்லை. மரத்துள் மறைந்திருந்ததை வெளிப்படுத்துகின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேலைநாடுகளில் இம்முறை ஒரு தனிக்கலையாக வளர்ந்தது.

கீழைநாடுகளின் மரபோ வேறு. இந்தியாவிலும் இலங்கையிலும் கடைந்த மரத்துக்கு வண்ணமூட்டப் பயன்பட்டது அரக்கு. மரக்கொம்புகளில் வாழும் நுண்ணிய பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்காகும். அதனைச் சூடாக்கி, இழுத்தும் அடித்தும் வண்ணப்பொடியுடன் கலந்து கோலாக்குவர். கடைந்த பொருள் சுழலும்போது அக்கோலை அழுத்திப் பிடித்தால், உராய்வின் சூட்டால் அரக்கு உருகி மரத்தைப் பற்றும். பின் ஓலைத் துண்டாலோ தாழை மடலாலோ அழுத்த, அது பரந்து கண்ணாடிபோல் ஒளிரும். நெருப்பும் தூரிகையும் இன்றிச் சுழற்சி ஒன்றே அடுப்பும் தூரிகையுமாகின்ற இம்முறை வியத்தற்குரியது. இதற்குக் கோலமுடைய அரிய மரம் வேண்டியதில்லை. நார் நெருங்கிய, மெல்லிய, வெண்ணிற மரமே போதும். கருநாடகத்துச் சன்னபட்டணத்திலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் வெட்பாலை மரமே இதற்குப் பயன்படுகின்றது.

இலங்கையின் மலைநாட்டில் இக்கலை இரு கிளைகளாக வளர்ந்தது. பொறியிற் சுழலும் பொருளுக்கு அரக்கிடுவது 'பிரலு' வேலை எனப்பட்டது. பொறியின்றி, சூடாக்கிய அரக்கை மெல்லிய இழையாக இழுத்து, பொருளின்மேல் ஒட்டி, பெருவிரல் நகத்தால் நறுக்கிக் கோலமிடுவது 'நியபொத்து', அதாவது நகவேலை, எனப்பட்டது. மாத்தளைப் பகுதியிலுள்ள ஹப்புவிட இந்நகவேலைக்குப் பெயர்பெற்ற ஊராகும். சிவப்புக்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்கு அரிதாரம், கருமைக்கு விளக்குக்கரி, பச்சைக்கு அரிதாரத்துடன் அவுரிநீலம் என வண்ணங்கள் சிலவே. அச்சிலவற்றைக் கொண்டே ஆலவட்டக் காம்புகளும் கொடிக்கம்புகளும் செப்புகளும் ஏட்டுச்சுவடிச் சட்டங்களும் அணிபெற்றன.

இவ்வேலைகளைச் செய்தோர் கண்டி அரசில் 'கொட்டல்பத்த' என்னும் கம்மியர் பகுதியைச் சேர்ந்திருந்தனர். அரசுக்கும் ஆலயத்துக்கும் விகாரைக்கும் செய்யும் பணிக்கு ஈடாக அவர்கள் நிலம் பெற்றனர். வயல் உணவளித்தமையால் ஒரு கொடிக்கம்புக்கு எத்தனை நாள் ஆகும் எனக் கணக்கிட வேண்டிய தேவை அவர்களுக்கு ஏற்படவில்லை. 1815 இல் கண்டி அரசு வீழ்ந்தது; 1832 இல் அரசுக்குரிய இராசகாரிய முறையும் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தமை பலருக்கு விடுதலையே. ஆயினும் கைவினைஞரைப் பொறுத்தவரை புரவலரும் உடன் மறைந்தனர். சந்தையிலே மலிவான இறக்குமதிப் பொருளோடு போட்டியிட வேண்டியவராயினர்.

இந்நிலையை நேரிற் கண்டு எழுதியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. ஈழத்துத் தமிழறிஞர் சேர் முத்துக்குமாரசுவாமிக்கும் ஆங்கில அன்னைக்கும் 1877 இல் கொழும்பிற் பிறந்த அவர், 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருளாய்வுத் துறையின் தலைவராய் ஊரூராகச் சென்றார். கல்லை ஆராயச் சென்றவர் கலையைக் கண்டார். 1905 இல் கண்டித் தலைவர்க்கு எழுதிய திறந்த மடலில் மரபுக்கலைகளின் அழிவைச் சுட்டினார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908 இல் வெளிவந்தது. வில்லியம் மொறிசு பயன்படுத்திய கையச்சுப் பொறியில், பதினைந்து மாதம் உழைத்து, 425 பிரதிகளே அச்சிடப்பட்டன. அரக்கு வேலையின் கருவி, முறை, வண்ணம் ஆகியன அந்நூலிலே பதிவுபெற்றன. தமிழ் மரபில் வந்த ஒருவர் சிங்களக் கம்மியரின் கைத்திறனுக்குச் சான்றாளராய் நின்றமை இந்நாட்டு வரலாற்றில் நினைக்கத்தக்க நிகழ்ச்சியாகும்.

மேலைநாட்டுக் கடைசலுக்குப் புத்துயிர் தந்த செயற்கைச் சாயம் கீழைநாட்டு அரக்குத் தொழிலுக்குள்ளும் நுழைந்தது. அது தந்த நன்மை இல்லை எனல் பொருந்தாது. சாதிலிங்கம் இரசமும் கந்தகமும் கலந்தது. அரிதாரமோ பாடாணத்தை உட்கொண்டது. இவை நஞ்சுடையன. ஆயினும் மலிவான சாயங்கள் யாவும் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளுக்கு ஏற்றவை அல்ல. இதனை உணர்ந்து, வராக நதிக்கரையிலுள்ள ஏட்டிகொப்பாக்காவில் விதை, பட்டை, வேர், இலை ஆகியவற்றிலிருந்து வண்ணமெடுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் மீட்கப்பட்டது. அவ்வூரின் பொம்மைகளுக்கு 2017 இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பழமையை அப்படியே திருப்பிக் கொணராது, அதன் நஞ்சை நீக்கி நலத்தைக் கொண்டமையே இம்முயற்சியின் சிறப்பு.

தொகுத்து நோக்குமிடத்து மூவகை விடைகள் தெரிகின்றன. களுமெதிரியவை மெருகிட்டவர் மரத்தின் வண்ணமே போதும் என்றனர். ஆனால் அம்மரத்தைக் காக்கத் தவறினர். சாயமிட்டவர் எளிய மரத்திலும் மறைந்த கோலம் உண்டு எனக் காட்டினர். அரக்கிட்டவர் கோலமற்ற மரத்துக்கும் கைத்திறனால் ஒளியூட்டினர். பின்னிரு வழிகளும் அரிய மரத்தை வெட்டாமலே அழகைப் படைத்தன என்பது ஈண்டுக் கருதத்தக்கது. வெட்டிய மரத்தை மீண்டும் நட்டு வளர்க்க நூறாண்டு செல்லும். ஆயினும் விதை எஞ்சியிருந்தால் அது கைகூடும். கையறிவின் விதையோ கற்பிப்போனும் கற்போனும் ஒரே பட்டறையில் அமர்ந்திருக்கும் காலம் வரையிலேயே நிலைப்பது. உளியின் ஓசையைக் கேட்டுச் சுவரின் தடிப்பை அறியும் செவியையும், அரக்கிழையை நறுக்கும் நகத்தின் நிதானத்தையும் ஏடுகள் விளக்கலாம், அளிக்க இயலாது. குமாரசுவாமி ஏட்டிற் பதித்தவற்றைக் கையிற் பெறும் மாணாக்கர் உள்ளவரையே அக்கலைக்கு வாழ்வு உண்டு.