மேடுமில்லை, பள்ளமுமில்லை

காரைக்குடியிலிருந்து பள்ளத்தூருக்குப் போகும் டவுன் பஸ்ஸின் ஓட்டத்தை நேரம்–தூர வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். வகுப்பில் ஒரு பிள்ளையாவது கோட்டைக் கீழே இழுக்கும். ஊர்ப் பெயரிலேயே பள்ளம் இருக்கிறதே! காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலிருந்து தூரத்தை அளந்தால் கோடு ஏறத்தான் செய்யும். பஸ் திரும்பி வரும்போதுதான் இறங்கும். பள்ளத்தூரிலிருந்து அளந்தால் அப்படியே தலைகீழ். ரோட்டின் மேடுபள்ளத்துக்கு அதில் இடமே இல்லை.

பிள்ளையைக் கோபித்துப் பயனில்லை. கோட்டின் சாய்வில் வேகத்தைப் பார்க்கப் பெரியவர்களுக்கே நூற்றாண்டுகள் பிடித்தன.

14ஆம் நூற்றாண்டின் நடுவில், பிரான்சில் நிக்கோல் ஒரெம் என்ற பாதிரியார் ஒரு காரியம் செய்தார். நேரத்தைத் தரையில் கிடக்கும் கோடாக வைத்து, ஒவ்வொரு கணத்திலும் அந்தக் கணத்து வேகத்தின் அளவுக்கு ஒரு குச்சியை நட்டார். வேகம் மாறாவிட்டால் குச்சிகள் சேர்ந்து செவ்வகம். நின்ற இடத்திலிருந்து சீராகக் கூடினால் முக்கோணம். உள்ளே அடைபட்ட பரப்புதான் கடந்த தூரம். எதையும் அவர் ஓடவிட்டு அளக்கவில்லை, எல்லாம் மனக்கணக்கு. 1638இல் கலிலியோ விழும் பொருளுக்குப் போட்டதும் இதே சாயலுள்ள முக்கோணம்தான். ஆனால் ஒரெமின் படத்தில் வேகம் குடியிருந்தது உயரத்தில்.

அதைச் சாய்வுக்குக் குடிமாற்றி, அன்றாடப் பிழைப்பாகவும் ஆக்கியதில் பெரும்பங்கு, என் கணக்கில், ரயில்காரர்களுக்கு. 19ஆம் நூற்றாண்டில் இப்ரி என்ற பிரெஞ்சுப் பொறியாளரின் முறை இது: பக்கவாட்டில் மணி, மேலிருந்து கீழாக ஸ்டேஷன்கள், ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. பாரிஸ்–லியோன் ரயில்களின் அப்படியொரு படத்தை பிரெஞ்சு உடலியல் அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே வரைபட முறை பற்றிய தம் நூலின் 1885ஆம் ஆண்டுப் பதிப்பில் அச்சிட்டார். கோடு செங்குத்தாக நெருங்க நெருங்க வண்டி வேகம். படுத்துக் கிடந்தால் வண்டி நிற்கிறது. இரண்டு கோடுகள் வெட்டினால் இரண்டு வண்டிகள் சந்திக்கின்றன.

ஒற்றைத் தண்டவாளத்தில் அந்த வெட்டு ஸ்டேஷனில்தான் விழவேண்டும். நடுவழியில் விழுந்தால் விபத்து. திருச்சி–காரைக்குடி பாதை ஒற்றைத் தடம். நம்மூர் செக்‌ஷன் கண்ட்ரோலர்கள் பார்க்கும் சார்ட்டும் இப்ரி கொடிவழிதான். அன்று பென்சில், இன்று கணினித் திரை.

பள்ளத்தூர்க்காரர் காரைக்குடியில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறுகிறார். ஏதோ சின்ன ஸ்டேஷனில் வண்டி நிற்கிறது. "கிராசிங்காம்" என்கிறார் பக்கத்து சீட்டுக்காரர். சார்ட்டில் அவர்கள் ஒரு நகக்கண் நீளத்துக்குப் படுத்த கோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்; எதிர்வண்டியின் சாய்கோடு அதை வெட்டிப் போகிறது.