ஹான்கினின் மூன்று மணி நேரம்

"கங்கைத் தண்ணி கெடவே கெடாது, வெள்ளைக்காரனே ஆராய்ஞ்சு எழுதியிருக்கான்." காட்டாங்குளத்தூரில் நான் இருக்கும் வாட்ஸப் குழுக்களில் இந்தச் செய்தி அடிக்கடி வலம் வரும். அனுப்புபவர்கள் யாரும் அந்த வெள்ளைக்காரனின் பெயரைச் சொல்வதில்லை. எனக்கு அவரைப் பிடிக்கும். அதனால் சொல்கிறேன்.

எர்னஸ்ட் ஹான்பரி ஹான்கின். ஆக்ராவில் அரசாங்க ரசாயனப் பரிசோதகர். கங்கை, யமுனைத் தண்ணீரில் காலரா கிருமியை விட்டுப் பார்த்தார். மூன்று மணி நேரத்துக்குள் கிருமிகள் செத்துப்போயின. கொதிக்கவைத்த தண்ணீரில் சாகவில்லை. இதை 1896இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவன இதழில் பிரெஞ்சில் எழுதினார். காரணம், ஆவியாகிப் போகும் ஏதோ ஒரு பொருள் என்று நினைத்தார். ஏனென்றால், காற்றுப் புகாமல் மூடிய குழாயில் சூடாக்கியபோது தண்ணீரின் சக்தி பெரும்பாலும் அப்படியே இருந்தது.

1915இல் லண்டனில் ட்வோர்ட்டும், 1917இல் பாரிஸில் டெரெல்லும் பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸைத் தனித்தனியாகக் கண்டார்கள். அதற்கு 'பாக்டீரியோபேஜ்' என்று பெயர் வைத்தவர் டெரெல். பாக்டீரியாவைத் தின்பது என்று பொருள். உண்மையில் அது தின்பதில்லை. பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு தன் மரபுப்பொருளை உள்ளே செலுத்தும். அந்த பாக்டீரியாவையே தன் நகல்களைச் செய்யும் பட்டறையாக்கி, கடைசியில் வெடிக்கவைத்து வெளியே வரும். அதன் பிறகுதான் ஹான்கினின் பழைய கட்டுரையைத் தூசு தட்டி, 'அவர் பார்த்தது பேஜ்தான்' என்று சொல்லத் தொடங்கினார்கள். ஆனால் மூடிய குழாயிலும் அந்தச் சூட்டுக்கு பேஜ் தாங்காதே! வரலாற்றாசிரியர்கள் சிலர் இந்தக் கதையை நம்பாததற்கு அதுவும் ஒரு காரணம்.

டெரெல் 1927இல் இந்தியாவுக்கே வந்து, பஞ்சாபில் காலரா நோயாளிகளுக்கு பேஜ் கொடுத்துப் பார்த்தார். பின்னர் அஸ்ஸாமில் நவ்காங் பகுதி கிராமங்களுக்கு பேஜ் புட்டிகள் போயின. காலரா சாவு குறைந்தது. ஆனால் பேஜால் குறைந்ததா, அந்த ஆண்டுகளில் காலராவே அடங்கியிருந்ததா என்று உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிறகு ஆன்டிபயாடிக் வந்தது, உலகின் பெரும்பகுதி பேஜை மறந்தது. ஜார்ஜியாவின் திபிலிசி மறக்கவில்லை.

பேஜ் சாப்பாட்டு மேசைக்கு வந்தது 2006இல். சமைத்து, அப்படியே சாப்பிடும்படி விற்கும் இறைச்சியின் மேல் ஆறு பேஜ்களின் கலவையைத் தெளிக்க அமெரிக்க உணவு, மருந்துத் துறை அனுமதித்தது. குறி, லிஸ்டீரியா. அது ஃபிரிட்ஜுக்குள்ளும் வளரும் பாக்டீரியா, கர்ப்பிணிகளுக்கு ஆபத்தானது. பேஜின் பலம், அது தனக்குரிய கிருமியை மட்டும் தேடிக் கொல்லும் என்பது. பலவீனமும் அதுவே. லிஸ்டீரியாவுக்கான பேஜ் சால்மொனெல்லாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஜிஎஸ்டி சாலையோரம் மதியம் முழுக்க வெயிலில் கிடக்கும் கோழியை எந்த பேஜும் மீட்டுத் தராது.

இன்னொரு விஷயம் பாருங்க. பேஜ் பெருக பாக்டீரியா வேண்டும். ஒரு தண்ணீரில் குடல் பாக்டீரியாவின் பேஜ்கள் நிறைய இருந்தால், அதில் மலம் கலந்திருக்கிறது என்றே ஆய்வகங்களில் சந்தேகிப்பார்கள். கங்கையில் பேஜ் இருக்கிறது என்று பெருமையோடு பகிர்பவர்கள், தெரியாமலேயே சாக்கடைக்குச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

ஹான்கினுக்கு இந்தக் குழப்பம் இல்லை. ஆற்றுத் தண்ணீர் காலராவைக் கொல்கிறது என்று எழுதிய அதே மனிதர், காலரா வந்த ஊர்களில் ஆற்றை நம்பி உட்காரச் சொல்லவில்லை. கிணறுகளில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டைக் கொட்டச் சொன்னார்.